மூணு வட்டியும் திரூர் சங்கமும்

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் திருவள்ளூர் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் செவ்வாப்பேட்டை ரோடு. அதை ஒட்டிய ஊர்தான் திரூர். கேரளத்துத் திரூர் இல்லை, நம்ம திரூர். நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் என்றால் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு உடனே தெரியும். நெல் ரகங்களில் 'டி.கே.எம்.' என்று வருகிறதே, அது திரூர்க்குப்பத்தின் சுருக்கம். எழுபதுகளில் நாம் எல்லோரும் சாப்பிட்ட ஐ.ஆர். 20 அரிசியின் பெற்றோரில் ஒன்று இங்கே உருவான டி.கே.எம். 6. ஆனால் நான் இன்று எழுத உட்கார்ந்தது நெல்லைப் பற்றி அல்ல. கடனைப் பற்றி.

இந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு என்று முதல் சட்டம் வந்தது 1904 மார்ச்சில். அந்த ஆண்டே சங்கம் பதிவு செய்துகொண்ட ஊர் திரூர். நாட்டின் முதல் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று தமிழக அரசு சொல்வது இதைத்தான். கர்நாடகத்தில் கதக் பக்கம் கணகினஹாள் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சங்கம்தான் முதல் என்பார்கள். அது 1905. ஓராண்டு வித்தியாசத்துக்காக அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அப்போது செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த, ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு சின்னக் கிராமம் இதில் முந்திக்கொண்டது என்பதே எனக்குப் பெருமை.

இதன் பின்னணியில் ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். பெயர் ஃபிரெடரிக் நிக்கல்சன். கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு மேனுவல் எழுதியவர், பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடிக்கல் போட்டவர். 1892இல் மாகாண அரசு இவரை அழைத்து, ஐரோப்பாவில் குடியானவர்களுக்குக் குறைந்த வட்டியில் எப்படிக் கடன் கிடைக்கிறது, அதை இங்கே செய்ய முடியுமா என்று ஆராய்ந்து வரச் சொன்னது. அவர் எழுதிய அறிக்கை 1895இலும் 1897இலும் இரண்டு பாகமாக வந்தது. அப்போதைய சென்னை மாகாணத்துக் கிராமங்களின் கடன் சுமையை அவர் 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். 1930இல் வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டபோது அது 150 கோடி ஆகியிருந்தது. 1935இல் சத்தியநாதன் என்ற அதிகாரி கணக்கெடுத்தபோது 200 கோடி.

நிக்கல்சன் ஐரோப்பாவில் கண்டு வியந்தது ரைஃபைசன் என்ற ஜெர்மானியரின் ஏற்பாட்டை. ரைஃபைசன் பெரிய பணக்காரர் அல்ல, பொருளாதார மேதையும் அல்ல. சில கிராமங்களுக்கு மேயராக இருந்த மனிதர், கண் பார்வையும் மங்கலானவர். 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது ஊரில் வசதியானவர்களிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். அங்கே தொடங்கிய யோசனைதான் பின்னாளில் கிராமக் கடன் சங்கமாக வளர்ந்தது.

அந்தச் சங்கத்தின் சூட்சுமம் இதுதான். ஒரே ஊரார் மட்டும் உறுப்பினர். உறுப்பினருக்கு மட்டுமே கடன். சங்கம் வெளியில் வாங்கிய கடனுக்கு ஒவ்வொரு உறுப்பினரும் தன் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பு. இதை 'வரம்பற்ற பொறுப்பு' என்பார்கள். நம் 1904 சட்டமும் கிராமச் சங்கங்களுக்கு இதையே விதித்தது. பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம். அதில் ஒருவன் கட்டாமல் போனால் மற்ற ஒன்பது பேர் நிலத்துக்கும் ஆபத்து. ஆகவே அவன் மாட்டை வாங்கினானா, இல்லை அந்தப் பணத்தில் சீமந்தத்துக்குப் பந்தல் போட்டானா என்று ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதிகாரி யாரும் வந்து பார்க்க வேண்டியதே இல்லை.

இந்தப் பந்தல் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடன்பட்ட குடும்பத்தைப் பார்த்து ஊர் சொல்லும் முதல் வார்த்தை 'வரவுக்கு மேல செலவு பண்ணினான்' என்பதுதான். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று வாரி இறைத்தான் என்பார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளில் பலரும் இதையே நம்பினார்கள். 1875 மே மாதம் புனே பக்கம் சூபா என்ற ஊரில் குடியானவர்கள் திரண்டு, வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். கலகம் அகமத்நகர் வரை பரவியது. ஏன் இப்படி ஆயிற்று என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். கமிஷன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணச் செலவுதான் கடனுக்குக் காரணம் என்பது மிகைப்படுத்தப்பட்ட பேச்சு என்று சொன்னது. சாப்பாட்டுக்கும் விதைக்கும் மாட்டுக்கும் சர்க்கார் தீர்வைக்கும் என்று சின்னச் சின்னதாக வாங்கியது சேர்ந்து, வட்டி ஏறித்தான் கடன் மலையாகிறது என்பது அதன் முடிவு. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நாங்கள் அப்போது திருநின்றவூரில் குடியிருந்தோம். 1974 கடைசியில் எங்கள் வீட்டுக் கடன் 4,000 ரூபாய். அப்பாவின் சம்பளம் கைக்கு வருவது 340. உறவினர்கள் எல்லோரும் சொன்னது, 'தங்கச்சி கல்யாணத்தை அவ்வளவு ஜோரா பண்ணியிருக்க வேணாம்' என்று. அம்மா அவர்களோடு வாதாடியதில்லை. ஆனால் அவள் நீலக்கோட்டு நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கு இன்றும் என்னிடம் இருக்கிறது. அத்தை கல்யாணத்துக்கு வாங்கியது 1,400. தாத்தா படுக்கையில் கிடந்தபோது வைத்தியத்துக்கு 800. ஆலை கதவடைப்பில் வீட்டுச் செலவுக்கு 500. மொத்தம் 2,700. பாக்கி 1,300?

அதுதான் வட்டி. புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி. அதனால் மூன்றாம் ஆண்டு முடியும் முன்பு, கட்டாத வட்டியையும் அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் 2,700 என்பது 4,000 ஆனது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 'மூணு வட்டி' என்று எவ்வளவு சாதுவாகச் சொல்கிறோம் பாருங்கள்! ஆண்டுக்கு 36 விழுக்காடு என்று சொன்னால் கையெழுத்துப் போடக் கை நடுங்கும். 4,000க்கு மாதம் 120 ரூபாய் வட்டி மட்டும். அப்பாவால் அதுவரை மாதம் 80 ரூபாய்க்கு மேல் கட்ட முடிந்ததில்லை.

அம்மா செலவைக் குறைக்க ஆரம்பித்தாள். காபி காலையில் ஒரு வேளை மட்டும், அதுவும் அப்பாவுக்கும் பாட்டிக்கும். பால் முக்கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர், பிறகு கால் லிட்டர். ஸ்டவ் பரணுக்குப் போய், மரத்தூள் அடுப்பு வந்தது. நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, கட்டையை உருவிப் பற்ற வைப்பார்களே, அதேதான். ஒரு தடவை நிரப்பினால் மதியச் சமையல் முடிந்து வெந்நீரும் காயும். பேப்பர் நின்றது. தீபாவளிக்குப் புதுத் துணி என்றால் பள்ளிக்கூடச் சீருடை. வெள்ளைச் சட்டையும் காக்கி டிராயரும் போட்டுக்கொண்டு நாங்கள் பட்டாசு வெடித்ததைச் சொன்னால் என் பேரன் சிரிக்கிறான். ஆனால் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் இது நடந்ததுதானே?

இத்தனை செய்து அம்மா மாதம் 45 ரூபாய் மிச்சம் பிடித்தாள். அந்த நாளில் அது சாமானியமான தொகை இல்லை. அப்பா கட்டி வந்த 80, அம்மாவின் 45, ஆக 125. வட்டி 120 போக அசலுக்குப் போவது 5 ரூபாய். ஒரு நாள் இரவு அண்ணன் ஸ்லேட்டில் வகுத்துப் பார்த்து, 'அம்மா, இப்படியே போனா 800 மாசம் ஆகும்' என்றான். 66 வருஷத்துக்கு மேல்! அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பதால் அந்தக் கணக்கு சரியில்லைதான். ஆனால் அன்று யாரும் அதைத் திருத்தவில்லை. அம்மா ஸ்லேட்டை வாங்கித் துடைத்து வைத்துவிட்டாள்.

திருநின்றவூர்க்காரர்களுக்குப் பூசலார் கதை தெரியும். கோயில் கட்டக் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கட்டி முடித்தவர். பாட்டி அடிக்கடி, 'கடன் வாங்காம கட்டினவர்டா' என்று சொல்லிச் சிரிப்பாள். கூடவே, திருப்பதிப் பெருமாளே கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார், நாம் எம்மாத்திரம் என்பாள். சுமையை இறக்கி வைக்கப் பெரியவர்களுக்கு இப்படி ஏதாவது தேவைப்படுகிறது.

எங்களைக் காப்பாற்றியது தொழிற்சாலையில் இருந்த சொசைட்டி. அதன் முழுப் பெயரை எழுதிப் பாருங்கள்: ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். அம்பத்தூர், ஆவடி, பெரம்பூர் என்று வேலை பார்த்த நம்மில் பலரும் 'சொசைட்டி லோன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். பெயரில் 'சிக்கனம்' முன்னால் நிற்பதைக் கவனிப்பதில்லை. கடன் வாங்குமுன் பங்கு வாங்க வேண்டும், மாதாமாதம் ஒரு சிறு தொகை சேமிப்பில் போட வேண்டும், அதன் பிறகே லோன். திரூர்க் குடியானவருக்கு 1904இல் சொன்னதும் அம்பத்தூர்த் தொழிலாளிக்கு 1974இல் சொன்னதும் அடிப்படையில் ஒன்றுதான். ஊருக்குப் பதில் தொழிற்சாலை. வரம்பற்ற பொறுப்புக்குப் பதில் இரண்டு பேர் ஜாமீன்.

ஜாமீன் கிடைக்க அப்பாவுக்கு மூன்று மாதம் ஆயிற்று. கேட்கவே கூச்சம் அவருக்கு. கடைசியில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். அதற்குப் பிறகு அப்பா கடைத்தெருவில் அவர் எதிரில் ஒரு கால் கிலோ மிக்சர்கூட வாங்கியதில்லை. 'நம்மள நம்பிக் கையெழுத்துப் போட்டவரு, பாத்தா என்ன நெனப்பாரு?' என்பார். அந்த மனிதர் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ரைஃபைசன் சொன்ன அக்கம்பக்கத்துக் கண்காணிப்பு இதுதான் போலிருக்கிறது என்று இந்தச் சரித்திரத்தைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

4,000 ரூபாய், ஆண்டுக்கு 11 விழுக்காடு, 40 தவணை. வட்டிக்காரர் கணக்கை ஒரே நாளில் தீர்த்துப் புரோநோட்டைத் திருப்பி வாங்கினார்கள். 1975 ஜனவரியில் முதல் தவணை: அசல் 100, வட்டி 36 ரூபாய் 67 காசு. கிட்டத்தட்ட 137. கையில் இருந்தது 125. குறைந்த 12 ரூபாய்க்காகத்தான் அந்தக் கால் லிட்டர் பாலும் போயிற்று. பாட்டிக்கு மட்டும் ஒரு டம்ளர் கடையிலிருந்து. ஆனால் இப்போது மாதாமாதம் 100 ரூபாய் அசலில் கழிந்தது. ஒவ்வொரு தவணையிலும் வட்டி 92 காசு குறைந்துகொண்டே வந்தது. 40 மாதத்துக்கும் சேர்த்துச் சொசைட்டிக்குக் கட்டிய மொத்த வட்டி ஏறத்தாழ 752 ரூபாய். அதே 40 மாதம் மூணு வட்டியில் இருந்திருந்தால் வட்டி மட்டும் 4,800 கட்டியிருப்போம், 4,000 அசல் அப்படியே நின்றிருக்கும்.

அம்மாவின் சிக்கனம் முதலிலும் அதேதான், பிறகும் அதேதான். முதலில் அது வட்டிக்காரருக்குப் போயிற்று. பிறகு கடனைக் கரைத்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு எந்த ஓட்டையில் போய் விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பவளைப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடி' என்பதுதான் சுலபம்.

சர்க்கார்களும் இதை உணர்ந்த சந்தர்ப்பங்கள் உண்டு. முப்பதுகளின் பெருமந்தத்தில் நெல் விலை பாதியளவுக்குச் சரிந்தது. கடன் மட்டும் சரியவில்லை. 1937இல் ராஜாஜி முதல் மந்திரியானதும் கொண்டுவந்த பெரிய சட்டங்களில் ஒன்று 1938இன் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் ரத்து. அசலைப் போல இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. இனி வாங்கும் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 6.25 விழுக்காடு. அந்தக் காலக் காசுக் கணக்கில் ரூபாய்க்கு மாதம் ஒரு பை. 192 பை ஒரு ரூபாய் என்பது நம் அப்பாக்கள் காலத்துக் கணக்கு. சிக்கனத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசியவர், கதரையும் மதுவிலக்கையும் மூச்சாகக் கொண்டவர் ராஜாஜி. அவரே குடியானவனிடம் 'செலவைக் குறை' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல் முதலில் வட்டியில் கை வைத்தார். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

அதற்காகக் கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாவற்றையும் சாதித்துவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். 1951-52இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின் முடிவு 1954இல் வந்தபோது பலருக்கும் அதிர்ச்சி. கிராமத்தார் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது 3.1 விழுக்காடு. வட்டிக்குக் கொடுப்பவர்கள் கொடுத்தது ஏறத்தாழ 70 விழுக்காடு. திரூரில் தொடங்கி அரை நூற்றாண்டு ஓடிய பின் நிலைமை இது. அதன்பின் வங்கிகள் தேசியமயம், மகளிர் சுய உதவிக் குழுக்கள் என்று எவ்வளவோ வந்தன. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்களிலும் அதே பழைய சூத்திரம்தான்: முதலில் சேமிப்பு, பிறகு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன்.

2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரன் வரை அடகு வைத்த நகைக்கடன் தள்ளுபடி வந்தபோது நம் வாக்கிங் நண்பர்கள் நடுவே பெரிய விவாதம். 'ஒழுங்கா கட்டினவன் ஏமாளியா?' என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தள்ளுபடி வரும் என்று காத்திருந்து கட்டாமல் விடுவது சங்கத்தின் அடிவேரையே அறுக்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதே நண்பர் தண்டல் வாங்கும் பூக்காரம்மாவைப் பார்த்து, 'சிக்கனமா இருக்கத் தெரியல' என்று சொன்னபோது என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1,000 ரூபாய் என்று பேசி 900 கையில் கொடுத்து, தினம் பத்து ரூபாயாக நூறு நாள் வாங்குகிறார்கள். பார்க்கச் சின்னதாக இருக்கும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 78 விழுக்காடு. அந்தம்மா இன்னும் எதைக் குறைப்பாள்?

போன மாதம் எங்கள் நகரில் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். ஐ.டி.யில் வேலை, வீட்டுக் கடன், கார் கடன், அதோடு கிரெடிட் கார்டில் ஒரு லட்சத்துக்கு மேல் பாக்கி. 'அங்கிள், நாங்க வெளியில சாப்பிடறத நிறுத்திட்டோம், ஓ.டி.டி. எல்லாம் கட் பண்ணிட்டோம், ஆனாலும் குறையவே மாட்டேங்குது' என்றார். கார்டு ஸ்டேட்மெண்ட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கச் சொன்னேன். மாதம் 3.5 விழுக்காடு. மூணு வட்டி கூட இல்லை, மூன்றரை வட்டி! புரோநோட்டுக்காரர் செத்துப் போகவில்லை, குளிர்சாதன அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். மனைவியின் இரண்டு வளையலைச் சங்கத்தில் வைத்து முதலில் கார்டை மொத்தமாக அடையுங்கள், ஓ.டி.டி.யை நிறுத்தி மிச்சம் பிடித்ததை அப்புறம் நகைக்கு மாதாமாதம் கட்டுங்கள் என்றேன். நகையை வைப்பதா என்று அவருக்குத் தயக்கம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

எங்கள் கடைசித் தவணை 1978 ஏப்ரல் சம்பளத்தில் பிடித்தார்கள். அப்பா சொசைட்டியில் கொடுத்த ரசீதைக் கொண்டுவந்து சாமி படத்தின் கீழே வைத்தார். அடுத்த வருஷம் ஒரு இளம் தொழிலாளிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார், வீட்டில் யாரையும் கேட்காமல். அம்மாவின் நோட்டில் 1978 மே மாதப் பக்கத்தில் தவணை என்ற வரி இல்லை. அந்த இடத்தில் 'பால் முக்கால் லிட்டர்' என்று எழுதியிருக்கிறாள்.